ஹெட்போன், சவுண்டு கார்டு, உப்புக்காற்று: கேம் ஆடுபவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. பள்ளி விடுமுறையின் பெரும்பகுதியும் அதற்குள்ளேதான் வருகிறது. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை, கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் கேம் ஆட நேரம் கிடைக்கும் நாட்கள் இவை. சுடும் கேம்களில் எதிராளியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்தே பாதி ஆட்டம் முடிவாகிறது. அது சரியாகக் கேட்கவில்லை என்று கடைக்குப் போனால், "7.1" என்று பெரிதாக அச்சிட்ட ஹெட்செட் ஒன்றும் தனி சவுண்டு கார்டு ஒன்றும் மேசைக்கு வருகின்றன. இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பதிலை முன்னாலேயே சொல்லிவிடலாம். திசையை உண்டாக்குவது கேமுக்குள் நடக்கும் கணக்கு. அதைக் கெடுக்காமல் காதில் சேர்ப்பது ஹெட்போன். சவுண்டு கார்டு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பணம் போட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, உப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## காது திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருட்டில் கரையில் நின்றாலும் வள்ளத்தின் இன்ஜின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். மூளை அதற்கு மூன்று தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது.

1. நேர வித்தியாசம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. வலப்பக்கம் எழும் ஒலி வலக்காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றி இடக்காதை அடைவதற்கு அதிகபட்சம் 0.65 மில்லி வினாடி அளவுக்குத் தாமதமாகும். இவ்வளவு சின்ன இடைவெளியையும் மூளை அளந்துவிடுகிறது.

2. அளவு வித்தியாசம். உச்ச சுருதியில் வரும் ஒலிகளைத் தலை மறைக்கிறது. அதனால் மறுபக்கத்துக் காதில் சத்தம் குறைவாக விழுகிறது. தாழ்ந்த சுருதி ஒலிகள் தலையை வளைத்துப் போய்விடும். அவற்றுக்கு இந்தத் தடயம் உதவாது, நேர வித்தியாசம்தான் வழி. தாழ்ந்த ஒலிக்கு ஒரு தடயம், உச்ச ஒலிக்கு இன்னொன்று என்ற இந்தப் பங்கீட்டை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இல் விளக்கினார்.

3. காது மடல். மடலின் மேடு பள்ளங்கள், ஒலி வரும் கோணத்துக்கு ஏற்ப அதன் சில பகுதிகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் உள்ளே அனுப்புகின்றன. மேலா கீழா, முன்னாலா பின்னாலா என்பதை மூளை பெரும்பாலும் இதை வைத்துத்தான் சொல்கிறது.

இந்தத் தடயங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் தெரிந்ததுதான். தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது இன்ஜின் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் எந்தத் திசை என்று பிடிபடாது. கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர், காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். 0.65 மில்லி வினாடியாக இருந்த வித்தியாசம் 0.15 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தலையும் ஒலியை மறைப்பதில்லை, மண்டையோடு வழியாகவே சத்தம் இரு காதுக்கும் ஏறிவிடுகிறது. காதில் எந்தக் குறையும் இல்லை. தடயங்கள்தான் அழிந்துபோயின.

மோசமாக அமைத்த ஹெட்செட்டில் நடப்பதும் இதேதான். சத்தம் கேட்கும், திசை தெரியாது. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "சத்தம் எவ்வளவு வரும்" என்பது அல்ல, "தடயங்கள் தப்பித்து வருமா" என்பது.

முன்னா பின்னா என்ற குழப்பத்துக்கு ஒரு கைவேலையும் இருக்கிறது. நேர் முன்னால் வரும் ஒலியும் நேர் பின்னால் வரும் ஒலியும் இரு காதையும் ஒரே நேரத்தில் தொடுகின்றன. அதனால் முதல் இரண்டு தடயமும் அங்கே பேசாது. நிஜ வாழ்க்கையில் நாம் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். கேமில் மவுஸை லேசாக வலப்பக்கம் அசைத்தால் போதும். காலடிச் சத்தம் இடக்காதுக்கு நகர்ந்தால் ஆள் முன்னால் இருக்கிறான், வலக்காதுக்கு நகர்ந்தால் பின்னால் இருக்கிறான். காசு செலவில்லாமல் கிடைக்கும் உதவி இது.

## பெட்டியில் இருக்கும் 7.1 எதைக் குறிக்கிறது?

7.1 என்பது சினிமா பார்க்கும் அறைக்காக வந்த சொல். கேட்பவரைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒரு ஸ்பீக்கர். ஹெட்போனில் காதுக்கு ஒன்று வீதம் இரண்டே ஸ்பீக்கர்தான் இருக்கிறது. பிறகு 7.1 எங்கிருந்து வருகிறது?

மென்பொருளிலிருந்து வருகிறது. கேம் எட்டு வழியாக அனுப்பும் ஒலியை மென்பொருள் வாங்கி, முன்னே சொன்ன மூன்று தடயங்களையும் கணக்குப் போட்டுச் சேர்த்து, இரண்டு காதுக்கான இரண்டு ஒலியாக மடித்துக் கொடுக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லை, நன்றாகச் செய்தால் பலன் தரும். ஆனால் ஹெட்செட் பெட்டியோடு வரும் மென்பொருள்தான் அதைச் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. விண்டோஸிலேயே "விண்டோஸ் சோனிக்" இலவசமாக இருக்கிறது. டால்பி அட்மாஸ் என்ற அதே வகை மென்பொருள் வேண்டுமென்றால் அதற்கான உரிமத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம், எந்த ஹெட்போனிலும் வேலை செய்யும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கவுன்டர்-ஸ்டிரைக், வேலரன்ட் போன்ற கேம்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகவே உள்ளே போட்டுவிடுகின்றன. காலடி எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில், எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்பதெல்லாம் கேமுக்குத் துல்லியமாகத் தெரியும். வெளியே இருக்கும் மென்பொருளுக்கு எட்டு வழி ஒலி மட்டும்தான் தெரியும். கேம் ஒருமுறை கணக்குப் போட்டு அனுப்பியதன் மேல் ஹெட்செட்டின் 7.1 இன்னொருமுறை கணக்குப் போட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். காலடி ஓரிடத்தில் நிற்காமல் கலங்கிக் கேட்கும். "7.1 ஹெட்செட் வாங்கியும் திசை தெரியவில்லை" என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம்.

விதி எளிது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கணக்கு நடக்கட்டும்.

- கேமின் ஒலி அமைப்பில் ஹெட்போனுக்கான முப்பரிமாண ஒலி இருந்தால் அதை வைத்துக்கொண்டு, விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்டையும் (சோனிக், அட்மாஸ் இரண்டும் இதில்தான் வரும்) ஹெட்செட்டின் 7.1 பட்டனையும் நிறுத்திவிடுங்கள்.
- கேமில் அந்த வசதி இல்லாமல், பல ஸ்பீக்கருக்கான ஒலி மட்டும் இருந்தால் விண்டோஸ் சோனிக்கைப் போடுங்கள்.

ஒவ்வொரு காதுக்குள்ளும் நாலைந்து குட்டி ஸ்பீக்கர் வைத்த ஹெட்செட்டுகளும் சந்தையில் வந்திருக்கின்றன. காதிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கர், அறையின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கரைப் போல ஒலிக்காது. சிறியதாக நாலைந்து வைப்பதைவிட நல்லதாக ஒன்று வைப்பது மேல். அந்த வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## சவுண்டு கார்டு ஒரு காலத்தில் ஏன் கட்டாயமாக இருந்தது?

1981-இல் வந்த ஐபிஎம் கம்ப்யூட்டருக்குப் "பீப்" என்று கத்தும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. இசையோ வெடிச்சத்தமோ வேண்டுமானால் தனி கார்டு சொருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்டு பிளாஸ்டர் அந்த இடத்தைப் பிடித்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கார்டுகள் திசைக் கணக்கையும் எதிரொலிக் கணக்கையும் தங்கள் சிப்பிலேயே போட்டன. அன்றைய பிராசஸருக்கு அந்தச் சுமையைத் தாங்கச் சக்தி போதாது. அதனால் நல்ல கார்டு வைத்திருந்தவருக்கு நிஜமாகவே நன்றாகக் கேட்டது. அந்தக் காலத்துப் பேச்சுதான் "கேமுக்குத் தனி சவுண்டு கார்டு வேண்டும்" என்று இன்றும் சுற்றி வருகிறது.

நடுவில் இரண்டு மாற்றங்கள் வந்தன. 1997-இல் இன்டெல் வகுத்த ஏசி-97 என்ற முறை, ஒலியை மதர்போர்டிலேயே மலிவாக வைக்க வழி செய்தது. 2004-இல் அதன் அடுத்த தலைமுறை வந்தது. பிறகு 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிக் கணக்கைக் கார்டின் சிப்புக்கு அனுப்பும் பழைய பாதையை எடுத்துவிட்டது. அதற்குப் பின் திசைக் கணக்கு பிராசஸரில், கேமின் மென்பொருளில்தான் நடக்கிறது. இன்றைய பிராசஸருக்கு அது ஒரு சுமையே இல்லை.

இன்று சவுண்டு கார்டுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு வேலை.

1. எண்களாக வரும் ஒலியை மின் அலையாக மாற்றுவது. இதைச் செய்யும் பகுதியை டாக் என்கிறார்கள்.
2. அந்த மின் அலைக்கு ஹெட்போனை அசைக்கும் அளவுக்குப் பலம் கொடுப்பது. இது ஆம்ப்.

முதல் வேலையைப் பொறுத்தவரை மலிவான சிப்பும் போதும் என்ற நிலை வந்துவிட்டது. 16 பிட் ஒலிக்கே, மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. மின்விசிறி ஓடும் அறையில் அவ்வளவு இடைவெளியைக் காது பயன்படுத்தவே முடியாது. "32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்" என்று அட்டையில் இருப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். இரண்டாவது வேலையில்தான் நிஜமான வித்தியாசம் இருக்கிறது. அதற்கும் கணக்கு உண்டு.

## ஓமும் டெசிபலும்: ஆம்ப் வேண்டுமா என்று நீங்களே பார்க்கலாம்

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். இம்பீடன்ஸ் ஓமில் இருக்கும், மின் ஓட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையை அது சொல்கிறது. சென்சிட்டிவிட்டி டெசிபலில் இருக்கும். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்கிறது. சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்குப் பதிலாக ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று போடுவார்கள், அந்த எண் பெரிதாகத் தெரியும். 32 ஓம் ஹெட்போனில் மில்லிவாட்டுக்கு 100 என்பதும் வோல்ட்டுக்கு 115 என்பதும் ஒன்றேதான். ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் தப்பாகப் போய்விடும்.

வெடிச்சத்தம் போன்ற திடீர் உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது தொடர்ந்து கேட்கும் அளவு அல்ல, ஒரு நொடிக்கான உச்சம்.

முதலில் 32 ஓம், 100 டெசிபல் ஹெட்போன். இன்னும் 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மில்லிவாட். 32 ஓமில் அதற்கு ஏறக்குறைய 0.57 வோல்ட் போதும்.

அடுத்து 250 ஓம், 96 டெசிபல். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ இந்த ரகம். இதற்கு இன்னும் 14 டெசிபல் வேண்டும், அதாவது 25 மில்லிவாட். 250 ஓமில் அதற்கு ஏறக்குறைய 2.5 வோல்ட் தேவை.

மதர்போர்டின் பச்சை ஜாக் பொதுவாக 1 முதல் 2 வோல்ட் வரை தரும். ஆகவே முதல் ஹெட்போனுக்கு மதர்போர்டே தாராளம். இரண்டாவதற்கு ஆம்ப் இல்லாவிட்டால் சத்தம் வரும், ஆனால் உச்சங்களில் மூச்சு முட்டும். கேமுக்கென்று விற்கும் ஹெட்செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை 16 முதல் 64 ஓமுக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி ஆம்ப் வாங்கினாலும் காதில் வித்தியாசம் தெரியாது.

இன்னும் ஒன்று. யுஎஸ்பி முனை உள்ள ஹெட்செட்டுக்குள்ளேயே டாக்கும் ஆம்பும் இருக்கின்றன. அதைச் சொருகியதும் கம்ப்யூட்டரில் இருக்கும் சவுண்டு கார்டு ஓரமாகப் போய்விடுகிறது. யுஎஸ்பி ஹெட்செட்டும் தனி சவுண்டு கார்டும் சேர்த்து வாங்குபவர், கார்டுக்குக் கொடுத்த பணத்தைச் சும்மா வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

## இரைச்சல் வந்தால் கார்டை மாற்றும் முன்

ஆம்ப் தேவையில்லை என்று கணக்கு சொன்ன பிறகும், சவுண்டு கார்டு மாற்ற நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது இரைச்சல். ஹெட்போனில் "உஸ்" என்றோ "ம்ம்ம்" என்றோ கேட்டால் மெல்லிய காலடிகள் அதில் மூழ்கிவிடும். ஆனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கார்டு வாங்கக் கூடாது. இந்த வரிசையில் பாருங்கள்.

1. அதே ஹெட்போனைப் போனில் மாட்டிக் கேளுங்கள். அங்கேயும் இரைந்தால் குற்றம் ஹெட்போனில்.
2. கேபினட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் மாட்டுங்கள். முன் ஜாக்குக்குப் போகும் வயர் கிராபிக்ஸ் கார்டைத் தாண்டித்தான் வருகிறது, வழியில் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.
3. மவுஸை அசைக்கும்போதோ கேம் ஓடும்போதோ மட்டும் "கீச்" என்று வந்தால், மதர்போர்டுக்குள் நடக்கும் கலப்பு அது. இதற்கு வெளியே வைக்கும் யுஎஸ்பி சவுண்டு கார்டு சரியான மருந்து.
4. இடைவிடாத "ம்ம்ம்" என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

நாலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்தில் அது முக்கியம். கேபினட்டின் இரும்பை விரலால் தடவினால் சுருக்கென்று ஒரு நடுக்கம் தெரிகிறதா? மின்சார வடிகட்டிக்காகப் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கேபினட்டுக்குக் கசியவிடும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டிலேயே தங்கி, விரலைக் கடித்து, ஹெட்போன் வழியாக முனகவும் செய்யும். கரையோர உப்பு மண்ணில் ஈரம் இருப்பதால் எர்த் தொடக்கத்தில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதே உப்பு, புதைத்த குழாயையும் கம்பியையும் சில வருடங்களில் அரித்துவிடுகிறது. வீடு கட்டியபோது சரியாக இருந்த எர்த் இன்றும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்போனுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ர்ர்ர்" என்று வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இராது.

## உப்புக்காற்று செய்யும் வேலை

தனுஷ்கோடிச் சாலையிலோ, வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டியோ, பாம்பன் கரையிலோ குடியிருப்பவர்களுக்கு இரும்பு ஜன்னல் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கண்ணாடியைத் தடவினால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது. கேபினட்டின் விசிறிகள் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன அல்லவா?

உப்பு தானாக ஒன்றும் செய்யாது, ஈரம் சேர்ந்தால்தான் வேலை ஆரம்பம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கிறது. கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே கசியும். இப்படி உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம்தான் செம்பை அரிக்கிறது.

ஒரு வருடம் முன்பக்க ஜாக்கிலேயே சொருகி விட்டிருந்த ஹெட்செட் பின்னை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். பொன் நிறம் மங்கியிருக்கும். கறுப்பு வளையங்களை ஒட்டி, பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் பார்த்திருப்போமே, அந்தப் பச்சைக் களிம்பு மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். பின்னை விரலால் உருட்டினால் ஒரு காது போய் ஒரு காது வரும். பலர் இந்தக் கட்டத்தில் "சவுண்டு கார்டு போச்சு" என்று முடிவு செய்கிறார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பொன் துருப்பிடிக்காது, ஆனால் மலிவான பின்களில் அந்தப் பூச்சு மிக மெல்லியது. சொருகிச் சொருகித் தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் உலோகம் வெளியே வந்து களிம்பேறுகிறது.

இதற்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பின்னைத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஜாக்கில் நாலைந்து தடவை சொருகி உருவினால் உள்ளே இருப்பதும் ஓரளவு சுத்தமாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும். எண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உப்பை மனதில் வைத்தால், கேபினட்டுக்குள் சொருகும் கார்டைவிட வெளியே தொங்கும் சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு நமக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கிராபிக்ஸ் கார்டின் இரைச்சலிலிருந்து அது விலகி நிற்கிறது. ஆடி முடித்ததும் உருவி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைக்கலாம். களிம்பேறிப் போனாலும் சில நூறு ரூபாயில் வேறொன்று வாங்கிவிடலாம். கேபினட்டைத் திறக்க வேண்டியதில்லை, மதர்போர்டின் ஜாக்கும் தேயாமல் தப்பிக்கும்.

கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதும் கெடுதல். ஓடும் மெஷினின் சூடு உள்ளே ஈரம் தங்கவிடாது. மழைக்காலத்தில் ஆடாவிட்டாலும் அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது.

## எந்த மாதிரி ஹெட்போன்?

மூடிய வகை, திறந்த வகை என்று இரண்டு. திறந்த வகையில் காதுக்கு வெளிப்பக்கம் சல்லடை போலிருக்கும். காற்று போய்வரும், வியர்க்காது, ஒலியும் தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்கும். திசைக்கு இதுவே நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது, கேட்டால் புரியும். ஆனால் நம் வீடுகளில் தலைக்கு மேல் மின்விசிறி எந்நேரமும் ஓடுகிறது. அதன் சத்தம் அப்படியே உள்ளே வரும். உங்கள் கேம் சத்தமும் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பும். விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டியவர் தூங்கும் அறையென்றால் திறந்த வகையை வாங்கவே வாங்காதீர்கள்.

தனி அறை இருந்தால் திறந்தது, இல்லாவிட்டால் மூடியது. மூடியதில் காது மெத்தை துணியாக இருக்கட்டும். ரெக்சின் மாதிரி வழவழப்பாக இருக்கும் மெத்தை, சூட்டிலும் ஈரத்திலும் வியர்வையிலும் வேதிமாற்றம் அடைந்து செதில் செதிலாக உரியும். கறுப்புத் துணுக்குகள் கன்னத்தில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். துணி மெத்தையோ ரெக்சினோ, கழற்றி மாற்ற முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். வயரையும் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. உப்புக்காற்றில் முதலில் போவது இந்த இரண்டும்தான்.

பேஸ் (தாழ்ந்த ஒலி) அதிகமுள்ள ஹெட்செட் கடையில் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். கேமில் அது எதிரி. தாழ்ந்த பெருஞ்சத்தம் தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு. குண்டு வெடிக்கும் நேரத்தில் காலடி காணாமல் போவது அதனால்தான். "50 மி.மீ. டிரைவர்", "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" போன்ற வரிகள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது.

## ப்ளூடூத், மைக்

சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 0.15 முதல் 0.25 வினாடி வரை தாமதமாக வரும். கரையில் 70 மீட்டர் தள்ளிப் படகு செப்பனிடுபவரின் சுத்தியல் விழுவதைப் பார்த்த பிறகு சத்தம் வருவதற்கு ஆகும் நேரமும் 0.2 வினாடிதான். பாட்டுக்குப் பரவாயில்லை, சுடும் கேமில் அதற்குள் உங்கள் ஆள் செத்திருப்பான். அதோடு ப்ளூடூத்தில் மைக்கைப் போட்டதும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் போன் பேசும் தரத்துக்கு இறங்கி, இரு காதிலும் ஒரே ஒலியைக் கொடுக்கும். திசை அங்கேயே போய்விட்டது. வயர் வேண்டாம் என்றால் தனி யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பாருங்கள்.

போன் ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கில் மாட்டினால் மைக் வேலை செய்யாது. அந்தப் பின்னில் மூன்று கறுப்பு வளையம், நாலு பகுதி. கம்ப்யூட்டரிலோ பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு ஜாக். இடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் மாட்டினால் சரி. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால்தான் மின்விசிறிச் சத்தம் குறைவாகப் போகும்.

## சத்தத்தின் அளவு

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. தினமும் நாலு மணி நேரம் ஆடும் பெரியவருக்கு வாரத்துக்கு 28 மணி ஆகிறது. அவருக்கு 81 டெசிபல் அளவுதான் எல்லை. காலடி கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவதைவிட, இரைச்சலைக் குறைத்து, பேஸைக் கொஞ்சம் இறக்கினால் அதே காலடி குறைந்த சத்தத்திலேயே கேட்கும்.

## கடைக்குப் போகும் முன்னும் போன பிறகும்

1. இருக்கும் ஹெட்போனிலேயே கேமின் ஒலி அமைப்பைச் சரிசெய்து, இரட்டைக் கணக்கை நிறுத்தி, இரண்டு நாள் ஆடிப் பாருங்கள். பலருக்குச் செலவே இல்லாமல் முடிந்துவிடும்.
2. எர்த்தைச் சரிபாருங்கள், பின்பக்க ஜாக்குக்கு மாறுங்கள்.
3. பிறகு பணம் முழுவதையும் ஹெட்போனில் போடுங்கள். 16 முதல் 64 ஓம், மாற்றக்கூடிய மெத்தை, மாற்றக்கூடிய வயர்.
4. இரைச்சல் இன்னும் இருந்தால் மட்டும் சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு. 250 ஓம் போன்ற பெரிய ஹெட்போன் வாங்கினால் மட்டும் தனி ஆம்ப்.

ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கடையில் நின்று வாங்குவதாக இருந்தால், உங்களுக்குப் பழக்கமான கேமின் பதிவு ஒன்றைப் போனில் எடுத்துப் போங்கள். ஹெட்போனை மாட்டி, வால்யூமைக் குறைவாக வைத்து, வெடிச்சத்தத்துக்கு நடுவே காலடி தெரிகிறதா என்று கேளுங்கள். பத்து நிமிடம் கழற்றாமல் வைத்திருங்கள், காதுமடல் மெத்தைக்குள் மடங்கி வலிக்கிறதா, உச்சந்தலை கனக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கடைசியாகப் பின்னை ஜாக்கிலேயே வைத்து மெல்ல உருட்டுங்கள். புதுப் பின்னிலேயே ஒரு காது விட்டு விட்டு வந்தால், அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள்.